திருப்தி என்று சொன்னது யார்?

மேல்காடு, வாழவந்தி வழி
9.6.2025

சேர்வராயன் துணை

கண்ணு கீர்த்திகாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நலம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு அவள் முனகலைக் கேட்கிற வலி. மற்றபடி குறையில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஹாஸ்டல் சோறு வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறதா?

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாரே என்று நினைக்காதே. நீ சென்னைக்குப் போன பிறகும் நம் ஊருக்கு சிக்னல் வந்த பாடில்லை. பெருமாள் கடை மேட்டில் மட்டும்தான் கிடைக்கிறது. ஊர்ச் செல்போன் அத்தனையும் பகல் முழுக்க அவன் கடைத் தாம்பாளத்தில் கிடக்கின்றன. மணி அடித்தால் போனுக்கு உரியவரை அவன் பேர் சொல்லிக் கூப்பிடுவான், நாம் ஏறிப்போய்ப் பேச வேண்டும். அங்கே நின்று பேசுவதும் கோயில் மைக்கில் பேசுவதும் ஒன்றுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஓடைத் தரைப்பாலம் நடுவில் உடைந்து, ஆள் விழுகிற அளவுக்குப் பள்ளமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் அந்தக் கரையோடு நின்றுவிடும். தலைச்சன் பிரசவத்துக்கு உன் அக்கா மலர் நம் வீட்டுக்குத்தானே வரவேண்டும்? ஐப்பசி மழையில்தான் அவளுக்கு நாள். போன ஐப்பசியில் பக்கத்து வீட்டு ராணிக்கு ஓடைக்கரையிலேயே வலி முற்றி, குழந்தை தங்காமல் போனதை நீ மறந்திருக்க மாட்டாய். எனக்கு அது தினமும் கண்ணில் நிற்கிறது.

ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்துபோனது. யாரிடம் போய்ச் சத்தம் போடுவது? எல்லாம் இணையதளத்தில் போடுங்கள் என்கிறார்கள். ஏற்காடு இ-சேவை மையத்தில் சங்கீதா என்கிற பெண் புகாரைப் பதிந்து கொடுத்தாள். அன்றைக்கே வீட்டு வரியும் கட்டினேன். கட்டிய கையோடு ரசீது வந்துவிட்டது. 'நாளைக்கு வா' என்று யாரும் சொல்லவில்லை, டீக்குக் கை நீட்டவில்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா? ரசீதை இரண்டு பிரிண்ட் எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நீ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவள். இந்தப் புகார் போய்ச் சேருமா, சேராதா, உள்ளதைச் சொல்.

உன் கடிதத்தை எதிர்பார்க்கும்
அப்பா குழந்தைவேல்


சென்னை
18.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு, கீர்த்திகா வணக்கம். நான் இங்கு நலம். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். சாப்பாடு பரவாயில்லை.

புகார் கட்டாயம் போய்ச் சேரும் அப்பா. ஊராட்சி ஆட்கள் வந்து பார்த்து, வேலையை முடித்து, போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு புகார் கொடுத்தவரைப் போனில் கூப்பிட்டு, திருப்தியா என்று கேட்பார்கள். அவர் இல்லை என்றால் புகாரை மூட முடியாது. அதனால் அந்த அழைப்பு வரும்போது நீங்களே எடுத்துப் பேசுங்கள். அதுதான் முக்கியம்.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இங்கே எல்லாரும் பேசிக்கொள்வதுதான்.

மலர் அக்காவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அவளுக்கு நான் எதுவும் செய்யவில்லை என்று மனதுக்குள் குறையாக இருக்கிறது. வளைகாப்புக்கு வரப் பார்க்கிறேன்.

உங்கள் மகள்
கீர்த்திகா


மேல்காடு
14.7.2025

சேர்வராயன் துணை

கண்ணு கீர்த்திகாவுக்கு. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. நீ நலமென்று நம்புகிறேன்.

நீ சொன்னபடி ஆட்கள் வந்தார்கள். இரண்டு கூடை கிராவல் மண்ணைப் பள்ளத்தில் கொட்டி, காலால் மிதித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனி மாதத்து முதல் மழையிலேயே கிராவல் ஓடையோடு போயிற்று. சரி, அழைப்பு வரட்டும், நறுக்கென்று நாலு கேள்வி கேட்கலாம் என்று வாக்கியம் வாக்கியமாக யோசித்து வைத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. எஸ்.எம்.எஸ்.தான் வந்தது. 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. புகார்தாரர் தொலைபேசியில் திருப்தி தெரிவித்துள்ளார்.'

புகார்தாரர் நான். நான் பிறந்ததிலிருந்து எதிலும் திருப்தி தெரிவித்தவன் இல்லை. உன் அம்மாவே சாட்சி சொல்வாள்.

அப்படியானால் யார் பேசியது? போன் எங்கே கிடந்தது? பெருமாள் கடைத் தாம்பாளத்தில். பாலம் சரியானால் யாருக்கு நஷ்டம்? மினி பஸ் உள்ளே வந்துவிடும், அப்புறம் அவன் வாடகை ஜீப்பை எவன் சீண்டுவான்? சேலத்திலிருந்து கடை வைக்க வந்தவனுக்கு நம் மலைமேல் என்ன பாசம் இருக்கப்போகிறது? என்னைப் பார்த்ததும், "பாலம் இன்னும் ஆகலீங்களே, மலருப் புள்ள வேற வருதே"ன்னு விசாரிக்கிறான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

உன் அம்மாவிடம் கேட்டேன். களி கிண்டிக்கொண்டிருந்தவள் தலையே தூக்காமல், "ஆரோ என்னமோ சொல்லியிருப்பாங்க, உடுங்க" என்கிறாள். எதையும் விடுவதென்றால் அவளுக்கு வெல்லம்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு, ஆள் யார் என்று கேட்காமல் 'திருப்தி' என்று பொத்தானை அழுத்தியது எந்த மகராசி என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு யாரையாவது தெரிந்தால் விசாரி.

அப்பா


சென்னை
2.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். வேலை அதிகம்.

புகாரைத் திரும்பவும் பதியலாம் அப்பா. சங்கீதாவிடம் பழைய எண்ணைச் சொன்னால் போதும். நடந்ததை விடுங்கள், புதிதாகப் பதியுங்கள். மழைக்கு முன்னால் வேலை ஆகவேண்டும், அவ்வளவுதானே?

பெருமாள் அண்ணன்மேல் சந்தேகப்பட வேண்டாம். அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவசரத்துக்கு நமக்கு அவர் ஜீப் ஒன்றுதான் இருக்கிறது.

வளைகாப்புக்கு லீவு கிடைக்கவில்லை. அக்காவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அம்மா எப்படி இருக்கிறாள்? அவளைத் திட்டாதீர்கள்.

கீர்த்திகா


மேல்காடு
11.8.2025

சேர்வராயன் துணை

கீர்த்திகாவுக்கு. எல்லாரும் நலம். மலரை வளையலிட்டு அழைத்துவந்துவிட்டோம். உடைந்த பாலத்தின் மேல் நடக்கவிடாமல், கீழே ஓடைக் கல்லில் கால் வைத்து, நான் ஒரு பக்கமும் மாப்பிள்ளை ஒரு பக்கமும் பிடித்துக் கூட்டிவந்தோம். அப்போது தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஐப்பசியில் எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவன் நான். ஆள் வராத நாளுக்குக் கைநாட்டு இருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். 'அவர் சொல்லியிருக்க மாட்டார்' என்று எழுதியிருக்கிறாயே, சென்னையிலிருந்து அது எப்படி உனக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது? அவன் உன்னிடம் பேசினானா? நீ கூப்பிட்டாலும் அவன் தாம்பாளத்தில் கிடக்கிற போனில்தானே வருகிறது. அம்மாவைத் திட்டாதீர்கள் என்று வேறு எழுதியிருக்கிறாய். இந்த விஷயத்தில் அவளை யார் இழுத்தது?

நீ சொன்னதற்காகவே கடைக்குப் போய்க் கேட்டேன். ஊரே நின்று பார்க்கக் கேட்டேன். "எம் பாலத்தை முழுங்கினவன் நீதானேடா?" என்றேன். அவன், "நாஞ் சொல்லலீங்க. ஆரு சொன்னாங்கன்னு எங்கிட்டக் கேக்காதீங்க" என்று அரிசி அளக்கப் போய்விட்டான். தெரிந்துகொண்டு சொல்லாதவன் கூட்டாளி அல்லாமல் வேறென்ன? போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இனி அது நம் வீட்டு அரிசிப் பானைமேல்தான் இருக்கும். சிக்னல் இல்லாவிட்டால் போகட்டும். திருட்டுத்தனமாக எவனும் என் பேரில் திருப்திப்பட முடியாதல்லவா?

அவன் ஜீப்பில் இனி ஏறமாட்டேன். கரடியூர்ப் பக்கம் போவதானாலும் நடந்துதான்.

இந்தக் கடிதத்துக்குச் சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். பிரித்த அடையாளம் இருந்தால் எழுது.

அப்பா


சென்னை
30.8.2025

அன்புள்ள மலர் அக்காவுக்கு, இதைத் தனியாகப் படி. நான் நலம். நீயும் வயிற்றில் இருக்கிற குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? கால் வீங்குகிறதா?

அக்கா, என் வேலை என்னவென்று அப்பாவுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் கம்பெனி என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டார். நான் பேசுகிற வேலைதான் பார்க்கிறேன். அரசாங்கப் புகார்கள் முடிந்ததும் மக்களைக் கூப்பிட்டு, திருப்தியா என்று கேட்கிற ஒப்பந்தம் எங்கள் கம்பெனியுடையது. அம்மாவுக்கு மட்டும் தெரியும். பொங்கலுக்கு வந்தபோது என் தொண்டை கட்டியிருந்ததைப் பார்த்துக் கேட்டாள், சொன்னேன். ஜனங்கள் போனில் குறை சொன்னால் எங்களுக்கு மார்க் குறைப்பார்கள் என்றும் விளையாட்டாகச் சொல்லிவைத்தேன்.

என் பக்கத்து இருக்கையில் வெண்ணிலா என்று ஒரு பெண். ஒருநாள் சிரித்துக்கொண்டே, "உங்க மலையிலே ஒரு அம்மா என்னைச் சுடுதண்ணி குடிக்கச் சொன்னாங்கடி" என்றாள்.  அவள் எழுந்து போனபோது அந்த அழைப்பின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். கேட்கக்கூடாது, அது அவள் அழைப்பு. ஆனாலும் கேட்டேன்.

பெருமாள் அண்ணன், "உங்க போனுங்க அக்கா" என்று கொடுப்பது கேட்கிறது. வெண்ணிலா சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, தரைப்பாலம் சரியாகிவிட்டதா, திருப்தியா என்று கேட்கிறாள்.  அப்புறம் அம்மா, "நொம்பத் திருப்திங்க கண்ணு. எல்லாம் நல்லாப் பண்ணிட்டாங்க. நீ சாப்ட்டயா சாமி? கொரலு கம்மிக் கெடக்குது, சுடுதண்ணி குடி" என்கிறாள்.

அக்கா, அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேள். அப்பாவிடம் அவளே சொல்லிவிடுவது நல்லது. முடியாவிட்டால் போனையாவது மேட்டுக்குத் திரும்ப அனுப்பச் சொல். உனக்கு வலி எடுத்தால் ஆம்புலன்சுக்குச் சொல்லக்கூட வழியில்லாமல் வைத்திருக்கிறார். 

கீர்த்தி


மேல்காடு
9.9.2025

அன்புள்ள கீர்த்திக்கு அக்கா. நான் நல்லா இருக்கிறேன். கால் வீக்கம் சாயந்திரத்தில் மட்டும்தான். குட்டி உள்ளே சும்மா இருப்பதில்லை.

உன் கடிதத்தை அப்பா வெயிலில் தூக்கிப்பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். என் பேர் போட்டிருந்ததால் பிரிக்கவில்லை. "அக்காளும் தங்கச்சியும் என்ன ரகசியம்?" என்றார். பிள்ளைப்பேற்றுச் சமாச்சாரம் என்றேன், நகர்ந்துவிட்டார்.

அம்மாவைக் காப்பிச் செடிப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டேன். முதலில் இல்லவே இல்லை என்றாள். நீ கேட்டுவிட்டாய் என்றதும் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உப்பு வாங்கப் போனேன் கண்ணு. போனு அடிச்சுது, பெருமாளு எடுத்துக் குடுத்தான். அந்தப் புள்ள என்னை அம்மான்னு கூப்புட்டுச் சாப்ட்டீங்களான்னு கேக்குது. கொரலு நம்ம கீர்த்தி மாதிரியே கட்டிக் கெடக்குது. நாங் கொற சொன்னா அதுக்கு மார்க்கைக் கொறைப்பாங்களே, சோலி போயிருமேன்னு பட்டுது. அதும் ஒரு ஆத்தா பெத்த புள்ளதானே? எம் புள்ளைக்கும் இப்பிடி ஆராச்சும் நல்ல வார்த்தை சொல்லட்டும்னு சொல்லிப்புட்டேன். பாலத்துக்குப் பூட்டுப் போடற பேச்சு அதுன்னு எனக்கென்ன தெரியும்?"

பெருமாள் அண்ணன் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். அப்பா அத்தனை பேச்சுப் பேசியும் வாய் திறக்கவில்லை. அம்மா போய் அவரிடம் அழுதிருக்கிறாள். "புருசன் பொண்டாட்டிக்குள்ள நான் எதுக்குங்க"ன்னு சொல்லிவிட்டாராம்.

அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று என் வயிற்றில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அந்த மனுசன் என்னை அடிக்க மாட்டாரு. 'நீயா'ன்னு ஒரு பார்வை பார்ப்பாரு. அதுக்கு நான் ஓடையிலயே போயிரலாம்" என்கிறாள். நான் என்ன செய்ய, கீர்த்தி? புதுப் புகார் போடவும் அப்பா மாட்டேன் என்கிறார். பழையதில் பேசினவன் யார் என்று தெரிந்த பிறகுதானாம்.

மலர்


சென்னை
21.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் இங்கு நலம். ஹாஸ்டல் மாறிவிட்டேன், உறைமேல் உள்ள புது முகவரிக்கு எழுதுங்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் பார்ப்பது போனில் பேசுகிற வேலை. புகார் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு, திருப்தியா என்று கேட்கிற வேலை. நீங்கள் விசாரிக்கச் சொன்ன அந்தப் பொத்தானை அழுத்தியது நான்தான். நம் ஊர் எண் வந்தது. சிக்னல் சரியில்லாமல் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு முடிக்க வேண்டிய அழைப்புகள் நிறைய இருந்தன. திருப்தி என்று போட்டுவிட்டேன். பெருமாள் அண்ணனும் பேசவில்லை, வேறு யாரும் பேசவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். பெருமாள் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். போனை மேட்டுக்கு அனுப்புங்கள். புகாரை மறுபடி பதியுங்கள். அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது.

கீர்த்திகா


சென்னை
13.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு. நான் நலம். என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உங்களுக்குக் கோபம் இருக்கும், இருக்கட்டும். தீபாவளிக்கு லீவு தரமாட்டார்கள் போலிருக்கிறது, அதனால் வரவில்லை. அக்காவுக்கு ஒரு நைட்டியும் குழந்தைக்குத் துணியும் பார்சல் அனுப்பியிருக்கிறேன்.

சேலம் மாவட்டத்துக்குக் கனமழை என்று செய்தியில் சொல்கிறார்கள். போனை மட்டும் மேட்டுக்கு அனுப்பிவிடுங்கள் அப்பா. எனக்காக வேண்டாம், அக்காவுக்காக.

கீர்த்திகா


மேல்காடு
14.11.2025

சேர்வராயன் துணை

கண்ணு கீர்த்திகாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மலருக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். இதை நான் கண்ணால் பார்த்து எழுதுகிறேன், நம்பலாம்.

உன் இரண்டு கடிதமும் வந்தன, உன் அம்மாவுக்கும் படித்துக்காட்டினேன். வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. பெற்ற மகளே ஊர்ப் பாலத்துக்குக் குழி பறித்தாள் என்றால் என்னத்தை எழுதுவது? போனையும் மேட்டுக்கு அனுப்பவில்லை. நீ சொன்னாய் என்பதற்காகவே அனுப்பவில்லை. அந்த வீம்பு ஐப்பசிப் பாதி வரைக்கும் என் அரிசிப் பானைமேல் உட்கார்ந்திருந்தது.

அப்போது ஒருநாள் மத்தியானம் மலருக்கு வலி கண்டது. காலையிலிருந்தே மழை. போனைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது? மேட்டுக்கு ஓடினேன். பெருமாள் கடையில் இருந்தான். அவன் எதிரில் போய் நனைந்தபடி நின்றேன். அவனே, "ஏனுங்க, புள்ளைக்கு வலியா?" என்றான். தலையாட்டினேன். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு ஜீப்பைக் கிளப்பினான். ஆனால் ஓடை வரைக்கும்தான் வர முடியும். பாலத்தின் மேல் தண்ணீர் இடுப்பளவு போகிறது.

மலரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கயிறு கட்டினோம். முன்னால் பெருமாளும் அவன் கடைக்கு வந்திருந்த ஒருவனும், பின்னால் நானும் உன் அம்மாவும் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ராணிக்கு ஆன அதே இடம். நடு ஓடையில் எனக்குக் கால் வழுக்கியது. உன் அம்மா கத்தினாள். கால் வழுக்கியதற்கு என்று நினைத்தேன். "நாந்தாங்க சொன்னேன்! திருப்தின்னு நாந்தாங்க சொன்னேன்! கீர்த்தி சொல்லலீங்க!" என்று அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கத்துகிறாள். முன்னால் இருந்த பெருமாள் திரும்பாமல், "அதெல்லாம் அக்கரைக்குப் போயிப் பேசிக்கலாமுங்க, நாற்காலியப் புடிங்க" என்றான். என் கை இரண்டும் நாற்காலிக் காலில் இருந்தன. கோபப்படக் கையில்லை. அக்கரைக்குப் போனபோது கோபமும் இல்லை. ஆம்புலன்ஸ் அங்கே காத்திருந்தது. ஏற்காடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பேத்தி பிறந்தாள்.

பெருமாளை ஊரார் முன்னால் திட்டியதை ஊரார் முன்னாலேயே திரும்ப வாங்கிக்கொண்டேன். "உடுங்க"ன்னு சொல்லிவிட்டான். ஜீப் வாடகையை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டான். இனி அவன்மேல் எனக்குச் சந்தேகமே இல்லை.

உன் அம்மாவை நான் பார்க்கிற பார்வைக்கு அவள் பயந்தாளாம். ஆஸ்பத்திரியில் நனைந்த சேலையோடு ஓரமாக நின்றாள். போய்த் துண்டைக் கொடுத்தேன். வேறெப்படிப் பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியிலேயே சங்கீதாவிடம் புகாரைப் புதிதாகப் பதிந்தேன். போன் இப்போது தாம்பாளத்தில்தான் இருக்கிறது. மறுபடியும் கிராவல் கொட்டினார்கள், மறுபடியும் போட்டோ எடுத்தார்கள். நேற்று அழைப்பு வந்தது. பெருமாள் என் பேரைக் கூப்பிட்ட கூப்பாட்டில் வாழவந்திக்கே கேட்டிருக்கும்.

ஒரு பெண். "வணக்கம் ஐயா, சாப்பிட்டீங்களா?" என்றாள். யோசித்து வைத்திருந்த நாலு கேள்வியும் எங்கேயோ போயின. "கண்ணு, நான் இல்லைன்னு சொன்னா உனக்கு ஏதாச்சும் ஆயிருமா?" என்று கேட்டேன்.  அவள், "நீங்க உள்ளதைச் சொல்லுங்க ஐயா" என்றாள். "திருப்தி இல்லீங்க. எம் புள்ளைய நாற்காலியில கட்டித் தூக்கிட்டுப் போனேன்" என்றேன். எழுதிக்கொண்டாள். புகார் திறந்தே இருக்கும், இஞ்சினியர் வருவார் என்றாள். வரட்டும். ஜல்லி, சிமென்ட் எத்தனை என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

வைப்பதற்கு முன்னால் கேட்டேன். "உங்க ஆபீசுல கீர்த்திகான்னு ஏற்காட்டுப் புள்ள இருக்குதே, நான் அவ அப்பன். நல்லா இருக்குதுங்களா?"  அவள் மெதுவாக, "நான் வெண்ணிலா பேசறேன் ஐயா. அவ செப்டம்பர்ல இருந்தே வர்றதில்லை. என் அழைப்பைப் போட்டுக் கேட்டதுக்காக நிறுத்திட்டாங்க. நான் கேட்கக் குடுத்ததா சொல்லியிருந்தா அவளுக்குப் பாதி தண்டனைதான். என்னை இழுக்காம அவளே ஏத்துக்கிட்டா. உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். 'அழுத்தியது நான்தான்' என்று எழுதியபோது உனக்கு வேலை இல்லை. 'லீவு தரமாட்டார்கள்' என்று எழுதியபோதும் வேலை இல்லை. வேலையில்லாதவளுக்கு யார் லீவு தருவது? ஹாஸ்டல் ஏன் மாறினாய் என்று நான் கேட்கவே இல்லை. பெருமாளைச் சந்தேகப்பட்டேன், போஸ்ட்மேனைச் சந்தேகப்பட்டேன், வீட்டு வரி ரசீதைக்கூடச் சந்தேகப்பட்டேன். எல்லாக் கடிதத்திலும் 'நான் நலம்' என்று நீ எழுதியதை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. அம்மாவுக்கு வாய்த்த மகள். கேட்டவர் மனசு நோகக்கூடாதென்று திருப்தி, திருப்தி என்றே எழுதியிருக்கிறாய்.

நீ நலம் என்பதை நான் ஏற்கவில்லை. நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். சேலத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி வருகிறேன். என்றைக்கு என்று சொல்லமாட்டேன், சொன்னால் கிராவல் கொட்டி வைத்துவிடுவாய். சாப்பிட்டாயா என்று கேட்பேன், உள்ளதைச் சொல்ல வேண்டும். உன் அம்மாவும் கூட வருகிறாள். முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் வருவேன் என்கிறாள். நாங்கள் திரும்பும்போது நீயும் எங்களோடு பேத்தியைப் பார்க்க வருகிறாய்.

அப்பா குழந்தைவேல்